மூணாவது ஓலை

அந்த ஞாயிற்றுக்கிழமை மூணாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டும். முதல் இரண்டு ஞாயிறும் போதகர் ஆலயத்தில் கணீரென்று வாசித்திருந்தார். சத்தியராஜ் மகள் பெபிஷாவுக்கும் ஞானபாய் மகன் ஜெப்சனுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம் என்று. இந்த வாரமும் அறிவிப்பெல்லாம் சொன்னார். பெண்கள் ஐக்கியக் கூட்டம், அசன விருந்துக்கு அரிசி, ஒன்று விடவில்லை. ஓலையை மட்டும் விட்டுவிட்டு ஆசீர்வாதம் சொல்லி முடித்துவிட்டார்.

ஆலயமே திரும்பி குளோரியைப் பார்த்தது. முகத்தை அல்ல, வயிற்றை.

குளோரி, கல்யாணப் பெண்ணுக்கு அம்மா. வயசு நாற்பத்து நாலு. மாசம் ஆறு.

தள்ளிப்போனபோது, வயசாச்சு, நின்றுபோச்சு என்றுதான் அவள் நினைத்தாள். ஸ்கேன் திரையை டாக்டரம்மா திருப்பிக் காட்டிய அன்றைக்குத்தான் விஷயமே தெரிந்தது. உள்ளே ஒன்று காலை உதைத்துக்கொண்டு ஜோராக இருந்தது. பயத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கல்யாணமான நாளிலிருந்து சத்தியராஜ் கல்ஃபில். இரண்டு வருஷத்துக்கு ஒரு மாச லீவு. போன வருஷம்தான் மொத்தமாக முடித்துக்கொண்டு வந்தார். புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு வருஷம் முழுசாக ஒரே வீட்டில் இருந்தது அவர்களுக்கு அதுவே முதல் தடவை.

ஆலயத்து வாசலில் பக்கத்து வீட்டு மேபல் காத்திருந்தாள்.

"சத்தியராஜ் கல்ஃபுல இருந்து வெறுங்கையோட வந்தான்னுல்லா சொன்னாவ. இப்பத்தான் தெரியுது! மவளுக்கு மாலை, அம்மைக்குத் தொட்டில். ஒரே பந்தல்ல முடிச்சிரலாம்."

"ஏட்டி, சும்ம கெட," என்று கூட நின்றவள் சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

போதகரிடம் கேட்கப் போன சத்தியராஜ் முகம் செத்துத் திரும்பினார்.

"மாப்பிள்ளைக்க அம்மா இன்னைக்கு காலத்தயே போன் போட்டாவளாம். ஓலை வாசிக்காண்டாம்னு."

குளோரி சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். பெற்ற மகளின் வாழ்க்கையைத் தன் வயிறே கெடுத்துவிட்டது.

மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றது. மாப்பிள்ளையின் அம்மா ஞானபாய் தனியாக இறங்கி வந்தாள். புருஷன் போனபிறகு ஒற்றை ஆளாக நின்று மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். அவள் பேச்சுக்கு ஊரில் பாதிப்பேர் எதிர்ப்பேச்சு பேசமாட்டார்கள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"எத்தன மாசம்?"

"ஆறு, மைனி."

"கல்யாணத்தன்னைக்கு?"

"ஏழு முடியும்."

"எனக்கிட்ட ஒரு வார்த்த பறையணும்னு தோணல்லியா? ஊரான் சொல்லியா நான் அறியணும்?"

குளோரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்புதான் மைனி. வெக்கத்துல சொல்லல்ல. நான் கல்யாணத்துக்கு வரல்ல. தோவாளையில தங்கச்சி வீடு இருக்கு, அங்க போயிருதேன். ஆளுவ கேட்டா சீக்குன்னு சொல்லிக்கிடுங்க. எனக்க பிள்ளைக்க கல்யாணத்த மட்டும் நிறுத்தாண்டாம்."

"நீ எங்கயும் போவாண்டாம்மா!"

அடுக்களையிலிருந்து பெபிஷா வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது, குரல் நடுங்கவில்லை.

"மாமி, எனக்க அம்மை ஒரு தப்பும் செய்யல்ல. வயித்துல இருக்கது எனக்குத் தம்பியோ தங்கச்சியோ. அத ஒளிச்சு வச்சுட்டு நான் மாலை போட மாட்டேன். வேண்டாம்னா வேற பெண்ணு பாத்துக்கிடுங்க."

குளோரி அன்றைக்கு முதல்முறையாகச் சேலைத் தலைப்பை வயிற்றிலிருந்து விலக்கி நிமிர்ந்து நின்றாள். மகள் சொன்னபிறகு இனி எதை மூடுவது?

ஞானபாய் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாய் உண்டு," என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சாயா போடுவியா, அதுக்கும் வாய்தானா?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"கல்யாணத்த நிறுத்தினேன்னு எவ சொன்னா? தள்ளி வைக்கணும்னு சொல்லத்தான் காலத்தயே வரப் பாத்தேன். பஸ்ஸு கெடைக்கல்ல. அதான் போதகருக்குப் போன் போட்டேன். நீ பெத்து எழும்பு. கிறிஸ்மஸ் கழிஞ்சு வச்சுக்கிடலாம்."

"எதுக்கு மைனி தள்ளணும்?"

"எதுக்கா? எங்க குடும்பத்துல மாப்பிள்ளைக்க கையப் பிடிச்சு ஆலயத்துக்குள்ள கூட்டிட்டுப் போறது பெண்ணுக்க கூடப்பொறந்ததாக்கும். பெபிஷா ஒத்தப்பிள்ளைன்னு, சித்தப்பன் மவன் லிஜின நிறுத்தலாம்னு வச்சிருந்தோம். இப்ப ஆணோ பெண்ணோ சொந்தமா ஒண்ணு வருது. பொறவு எதுக்கு இரவல்?"

குளோரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"பச்சப்பிள்ள எப்படி மைனி மாப்பிள்ளைக்க கையப் பிடிக்கும்?"

"எனக்க மவனுக்க ஒரு விரலப் பிடிச்சா போதும் மக்களே," என்றாள் ஞானபாய். "தூக்கிட்டு முன்னால நடக்க நான் இருக்கேன்."