பதினோரு பெட்டிகள்

"அக்கா, இந்த ரவுட்டரைத் தூக்கிப் போடுங்க. இதுக்கு இனிமே அப்டேட் வராதுன்னு கம்பெனியே கைகழுவிடுச்சு. எவன் வேணும்னாலும் உள்ளே நுழைவான்" என்றான், மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவன்.

"நேத்துகூட அப்டேட் வந்துச்சே தம்பி!" டியூஷன் டீச்சர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். ரவுட்டரில் இருந்த கம்பெனி மென்பொருளை அழித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை ஏற்றியிருந்தாள். "முகம் தெரியாதவங்க காசு வாங்காம எழுதுறாங்க. நடுவுல நான் திணறினப்போ மூணு பேர் கூடவே இருந்து வழி சொன்னாங்க. இப்போ ஆன்லைன் வகுப்பு ஒருநாள்கூட அறுபடறதில்ல."

அவன் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்தான். குறை சொல்ல இடமே இல்லை. அசந்துபோனான்.

"நல்லா ஓடுற பெட்டியைக் குப்பைக்கு அனுப்ப எந்தப் புண்ணியவான் கையெழுத்துப் போட்டானோ!" என்றாள் டீச்சர்.

அவன் பெட்டியைப் புரட்டி, அடியில் இருந்த மாடல் எண்ணைப் பார்த்தான்.

மறுநாள் காலை, அந்த ரவுட்டர் கம்பெனியின் மேலாளர் அறை. இந்த வருடம் கைவிட வேண்டிய பதினோரு மாடல்களின் பட்டியலை உதவியாளர் நீட்டினார்.

"போன வருஷம் மாதிரியே நீங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது சார்."

மாடி வீட்டுக்காரன் பேனாவை எடுக்கவில்லை.

"முதல்ல இதுங்களோட புரோகிராம் கோட் எல்லாத்தையும் அந்த ஓப்பன் சோர்ஸ்காரங்களுக்குத் திறந்துவிட ஏற்பாடு பண்ணுங்க. நம்மளைவிட அவங்க நல்லாப் பார்த்துக்குறாங்க."