தாடிக்காரருக்குப் பல்வலி

“பாவம்டி அந்த மனுஷன், மறுபடியும் பல்வலியாம்! பக்கம் பக்கமா புலம்பித் தள்ளியிருக்காரு.”

ஃபோன்ல அந்தப் பக்கம் ரிதா குபீர்னு சிரிச்சா. “ஓ மை காட் மா, அந்தப் பல் பிடுங்குற லெட்டரா? வெயிட் பண்ணு, அடுத்ததுல இன்னும் அழுவாரு.”

அந்த ஒரு சிரிப்பு போதும் நஜீமாவுக்கு. கலிஃபோர்னியா லிவர்மோர் வீட்டு கிச்சன்ல வெங்காயம் தீயுற வாசனை வருது, அடுப்பை அணைக்கக்கூட தோணல.

மனுஷன் யாருன்னா, விக்டோரியா ராணி காலத்து நாவலாசிரியர். பெரிய பேரு, அதைவிடப் பெரிய தாடி. பொண்டாட்டி, புள்ளை, பப்ளிஷர், தையல்காரர்னு ஒருத்தர் விடாம அவர் எழுதின சொந்த லெட்டரை எல்லாம் சேத்து, செங்கல் செங்கலா வால்யூம் போட்டிருக்காங்க. நியூ ஜெர்சி காலேஜ்ல சேந்த முதல் வாரம் ரிதா சொன்னா, இங்கிலீஷ் கிளாஸ்ல அதைத்தான் படிக்கணுமாம்.

அதுவரைக்கும் ஃபோன் எப்படி இருந்துச்சு தெரியுமா?

“சாப்டியா?”

“யா.”

“தூங்கினியாடி?”

“யா.”

“வேற என்ன?”

“நத்திங் மா. ஓகே, பை.”

வீட்ல மாடி ரூம் சும்மா கெடக்கு. ரிதாவோட பழைய ஸ்வெட்டர் நாற்காலி மேலயே தொங்குது, நஜீமா அதைத் தோய்க்கவே இல்ல. பேசறதுக்கு ஏதாவது ஒண்ணு கெடைக்காதான்னு ஏங்கினவங்க, நேரா லைப்ரரிக்குப் போய் அந்த செங்கலைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. ஆடியோவும் இருக்குன்னு தெரிஞ்சதும் ஆபீஸ் போற வழியில, மலை ஏறி இறங்குற ஃபிரீவே டிராஃபிக் முழுக்க, கார்ல தாடிக்காரர்தான்.

புருஷன் பசீர் விடுவாரா? “ஏன் நஜீ, நான் பேசினா தலைவலிங்கிற. செத்துப்போன வெள்ளைக்காரன் கூட தினமும் கார்ல ஊர்கோலமா?”

“நீங்க வேற! எனக்கு மட்டும் ஆசையா? பப்ளிஷரைத் திட்டுறதும், மழையைத் திட்டுறதும்... ரெண்டு லெட்டருக்கு மேல கண்ணு சொக்குது. ஆனா இவர் இல்லைன்னா என் பொண்ணு என்கிட்ட பேச மாட்டா.”

பசீர் அதுக்கப்புறம் கிண்டல் பண்ணல.

ரிதாகிட்ட மட்டும் நஜீமா, “எனக்கு அவர்னா உயிர்டி”ன்னு அடிச்சு விட்டுட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை ஆனா போதும், ஒரு மணி நேரம் ஓடிடும். இங்கிலீஷ்லயே பதில் சொல்ற பொண்ணு, தாடிக்காரரைக் கலாய்க்கிற ஜோர்ல தமிழுக்கே வந்துடுவா.

ஒருநாள் நஜீமா கேட்டாங்க, “ஹாஸ்டல்ல இருக்கற மகனுக்கு வாராவாரம் எழுதுறாரே, எல்லா லெட்டர்லயும் மொதல்ல ‘ஒழுங்கா சாப்பிட்டியா’தான். கவனிச்சியா?”

“ஹீ இஸ் லிட்ரலி யூ, மா!”

“அந்தப் பையன் என்ன பதில் போட்டான்?”

ரிதா கொஞ்சம் யோசிச்சா. “தெரியல மா. அவனோட லெட்டர் எதுவும் கெடைக்கல. புக்ல அப்பாவோட லெட்டர் மட்டும்தான் இருக்கு.”

பதிலே இல்லாம இவ்ளோ தடிப் புஸ்தகமா! ஃபோனை வச்சப்புறமும் நஜீமா அந்தப் பக்கங்களையே புரட்டிட்டு இருந்தாங்க.

நவம்பர் வந்ததும் புதுசா ஒரு பயம். செமஸ்டர் முடிஞ்சா கிளாஸ் முடியும். கிளாஸ் முடிஞ்சா? மறுபடியும் ‘யா’, ‘நத்திங்’தானே.

“ஏன்டி, அடுத்த செமஸ்டர்லயும் இவர் இருக்காரா?”

“அடுத்த செமஸ்டரா?” ரிதா இழுத்தா.

“இருக்காரு மா. பார்ட் டூ.”

நஜீமா “அல்ஹம்துலில்லாஹ்”ன்னு போட்ட சத்தத்துல, ஹால்ல டீ குடிச்சிட்டிருந்த பசீருக்குப் புரை ஏறிடுச்சு. மறுநாளே லைப்ரரியில இருந்து ரெண்டாவது வால்யூம் வீட்டுக்கு வந்தாச்சு.

தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு ரிதா வந்தா. கூடவே ரூம்மேட் ரக்ஷா. டெக்ஸாஸ் ஃபிரிஸ்கோல இருக்கற அவ அப்பா அம்மா சென்னைக்குப் போயிருக்காங்கன்னு ரிதாதான் இழுத்துட்டு வந்தா. வந்ததும் ரிதா குளிக்க மாடிக்கு ஓடிட்டா. ரக்ஷா கிச்சன்ல நின்னு சமோசாவை ஒரு கை பாத்துட்டு இருந்தா.

“இன்னொண்ணு எடுத்துக்கம்மா. ஆமா, அந்த லெட்டர் கிளாஸ் பார்ட் டூவையும் அதே ப்ரொஃபஸர்தான் எடுக்கறாரா?”

“எந்த பார்ட் டூ ஆன்ட்டி?”

“அதான்மா, தாடிக்காரர் கிளாஸ்.”

ரக்ஷா மெல்றதை நிறுத்தினா. “ரிதா அந்த கிளாஸை ரெண்டாவது வாரமே டிராப் பண்ணிட்டாளே ஆன்ட்டி. பயாலஜி லேப் கூட டைம் இடிச்சுது.”

“அப்போ... அந்தப் புஸ்தகம்?”

“ஐயோ, அது அவளுக்கு செம போர்! சனிக்கிழமை நாங்க எல்லாரும் படத்துக்குக் கெளம்பினாலும் வர மாட்டா, கொட்டாவி விட்டுட்டே அதைப் படிப்பா. ஏன்டீன்னு கேட்டா, ‘எங்கம்மாவுக்கு இந்தாளுன்னா உயிர், இதைப் பத்தின்னாதான் என்கிட்ட இவ்ளோ நேரம் பேசறாங்க’ம்பா.”

மாடியில இருந்து ரிதா குரல் சந்தோஷமா இறங்கி வருது, “மா, வால்யூம் டூ எடுத்துட்டு வா, இன்னிக்கு நேர்லயே படிக்கலாம்!” — இப்போ நீங்களே சொல்லுங்க, நஜீமா உண்மையைப் போட்டு உடைக்கணுமா, இல்ல அந்த செங்கல்ல முதல் பக்கத்தைத் திறக்கணுமா?