வெள்ளை ஒட்டாத வட்டம்

ஸ்ரீராம்புரம் சந்தில், பழைய மரச்சாமான்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் எலிசபெத் ஒரு மர ஷெல்ஃபுக்கு மூன்றாம் முறையாக வெள்ளை பெயிண்ட் அடிக்கிறாள். செருப்பு ஸ்டாண்டாகக் கேட்டவர் வந்துகொண்டிருக்கிறார். இந்த மாதம் விலைபோனது இது ஒன்றுதான். மேல்தட்டின் நடுவில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, பெயிண்ட் ஒட்டாமல் விலகி விலகி ஓடுகிறது. வெயிலில் அந்த வட்டம் மினுமினுக்கிறது. "உப்புத்தாள் போட்டு நல்லா தேச்சியாடி?" என்று எட்டிப் பார்க்கிறாள் பக்கத்து வீட்டு முத்தம்மா. "ரெண்டு தாள் தீந்துபோச்சுக்கா. இந்த எடம் மட்டும் குடிக்கவே மாட்டேங்குது." முத்தம்மா குனிந்து முகர்கிறாள். "ஐயோ, எண்ணெய்டி! வெளக்கு வெச்ச எடம். இது சாமி ஷெல்ஃபு!" எலிசபெத்தும் முகர்ந்து பார்க்கிறாள். பெயிண்ட் நெடிக்கு அடியில் லேசாகக் கற்பூரம். "எத்தினி வருஷம் எரிஞ்சிருக்கும்க்கா?" போன் அடிக்கிறது. "சார், செருப்பு வெக்கறதுக்குன்னா இது வேணாம் சார். புக்கு வெக்கறதுன்னா வாங்க" என்கிறாள், வட்டத்திலிருந்து விரலை எடுக்காமல்.