சாம்பல் நிறத்தில் ஒரு பெயர்

நிரல் எழுதும் எடிட்டரில் சொற்களுக்கு நிறம் கொடுக்கும் பிளகின் ஒன்றை நானும் என் மனைவியும் பராமரித்து வந்தோம். நிரலில் இனி எங்கும் பயன்படாத பெயரை அது சாம்பல் நிறத்தில் காட்டும். மார்ச்சில் அவள் ஒரு பிழையைப் பதிந்தாள்: "பராமரிப்பாளர் பட்டியல்ல என் பேர் மட்டும் சாம்பலா வருது. இப்பவே என்னைக் கழட்டி விட்டாச்சா, துரை?"

அது வெறும் உரைக் கோப்பு. அதில் நிறமே வரக்கூடாது. ஆனால் என் கணினியிலும் அவள் பெயர் சாம்பலாகத்தான் வந்தது. நேரமில்லை என்று, சரிசெய்யாமலே பிழைப் பதிவை மூடிவிட்டேன். மூன்றாம் நாள் அவள் மேல் லாரி ஏறியது.

இன்று காலை பள்ளிப் படிவத்துக்காக வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை அதே எடிட்டரில் அடித்தேன். மாமியார், நான், மகள். மகளின் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது.

பிளகினில் மகளின் பெயருக்கு விலக்குத் தந்து ஒரு வரி சேர்த்தேன். அவள் பெயர் கறுப்பானது, மாமியாரின் பெயர் சாம்பலானது. வரியை நீக்கினால் மறுபடி மகள். சேர்த்தால் மாமியார். என் பெயரை வைத்து நான் சோதித்துப் பார்க்கவில்லை.

அடக்கத்துக்கு வந்த மாமியார் குழந்தைக்காக எங்களோடே தங்கிவிட்டவர். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழாதீங்க மாப்பிள்ளை. பாப்பா ஷூ பல்லை இளிக்குது, புதுசு வாங்கிட்டு வந்துடறேன்."

மகளுக்கான வரியைச் சேர்த்து, மாற்றத்தைச் சேமித்தேன்.

"சரிங்க அத்தை," என்றேன்.