முதலில் பத்மாசனம்

“முதல்ல பத்மாசனம், தியானம். அப்புறம்தான் பேச்சு,” என்றார் மனநல டாக்டர்.

கணவனும் மனைவியும் பாயில் எதிரெதிரே கால்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்பு பார்த்த டாக்டர்கள் எல்லாம் கைவிட்ட ஜோடி அது.

தியானம் முடிந்து கண் திறந்ததுமே ஆரம்பித்தது.

“உங்க அக்கா சொன்னா மட்டும் வேதவாக்கு!”

“நீ மட்டும் என்ன ஒழுங்கு?”

அனல் பறந்தது. மெல்ல மெல்லக் குரல்கள் தணிந்தன. இருவரும் அழுதார்கள். கடைசியில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வெளியே போனார்கள்.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எவ்வளவு அன்பாப் போறாங்க! பத்மாசனம் மனசை இப்படி மாத்திடுமா டாக்டர்?”

“மனசையா? ரெண்டு பேருக்கும் கால் மரத்துப் போச்சும்மா. கோவிச்சுக்கிட்டுப் பாதியில எந்திரிச்சுப் போக முடியல. அதான் முழுசாப் பேசி முடிச்சாங்க!”