புதுப்பிக்க எதுவுமில்லை

செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல, அந்தத் தாளை இரண்டு விரல் நுனியால் தூக்கிப் பிடித்தார் பக்க வடிவமைப்புப் பிரிவின் தலைவர்.

“என்னம்மா இது? பாடப்புத்தகமா, ஜன்னல் கம்பியா? எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமா நிக்குது!”

எதிரே நின்ற பெண் எட்டிப் பார்த்தாள். கணக்குப் பாடத்தில் ஆறு பக்கம். கணினிக் கோப்பாக வெளியே தயார் செய்து கொண்டுவர வேண்டும், அதைத் தலைவரின் கணினியில் போட்டுப் பக்கமாக்கிப் பார்ப்பார்கள். வேலைக்கான தேர்வு அவ்வளவுதான். இப்போது பாதி எழுத்து கட்டங்களாகியிருந்தது. ஒரு சமன்பாடு ஓரத்தைத் தாண்டிப் போய்ப் பாதியில் அறுந்திருந்தது.

“மாலை வகுப்புல சரியா வந்துச்சு சார். நாலு தடவை பார்த்தேன்.” பையிலிருந்து தன் பிரதியை எடுத்து நீட்டினாள்.

“அதை எவன் பண்ணிக் குடுத்தானோ! உன் லட்சணம்தான் இங்க தெரியுதே.” அவர் அதைத் தொடவே இல்லை. ஏற்கெனவே தாளைத் தொட்ட விரல்களை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். அச்சகத்தில் அவருக்குச் ‘சோப்பு’ என்று பட்டப்பெயர் உண்டு. அது அவருக்கும் தெரியும், அதில் பெருமைதான்.

பெண் பிரதியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். இந்த வேலையை நம்பி, நகல் எடுக்கும் கடை வேலையை நேற்றுதான் விட்டிருந்தாள். இதுவும் போனால் மாலைக் கணினி வகுப்புக்குக் கட்டப் பணமிருக்காது.

“சாஃப்ட்வேரை அப்டேட் பண்ற பழக்கம் உண்டா உனக்கு?”

“உண்டு சார்.”

“பொய். பண்ணியிருந்தா இந்தக் கண்றாவி வருமா? இங்க பாரு.” விசைப்பலகையைத் துடைத்துவிட்டு ஒரு கட்டளையைத் தட்டினார். “சர்வர்ல புதுசா எது வந்திருந்தாலும் இதுவே போய் எடுத்துட்டு வந்துடும். காலையில பல் தேய்ச்சதும் எனக்கு அடுத்த வேலை இதுதான்.”

கண் இமைப்பதற்குள் திரையில் பதில் வந்தது: ‘புதுப்பிக்க எதுவுமில்லை.’

“பாத்தியா? என்னைக்குக் கேட்டாலும் இதே பதில்தான். அவ்வளவு சுத்தம்!” மூலையில் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்த பிழைதிருத்தும் அம்மாளைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். “அதோ, அந்தம்மாவுக்குப் போன மாசம்தான் புத்தம்புது சிஸ்டம் வந்துச்சு. அதுக்குள்ள சாக்கடையாக்கி வெச்சிருக்காங்க.”

“எறும்பும் பொழைக்கணும்ல சார்?” என்றாள் அந்த அம்மாள், வாய் நிறைய பிஸ்கட்டோடு.

அவர் பெண்ணின் பக்கம் திரும்பினார். “எட்டு மாசத்துல பதினோரு பேர் வந்தாங்க. அத்தனையும் இதே கட்டம். கடைசியா என் மாப்பிள்ளையே வந்தாரு. வீட்டு மனுஷனாச்சேன்னு பாக்கலை. ‘இந்தக் குப்பையைத் தூக்கிட்டு வர வெக்கமா இல்லையா’ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். அன்னையிலேருந்து என் பொண்ணு போன் பண்றதில்ல. பண்ண வேண்டாம்! சுத்தம்னா சுத்தம்தான்.”

பெண்ணின் பார்வை திரையை விட்டு நகரவில்லை.

“சார், கடைசியா அது எப்போ புதுசா எதையாவது எடுத்துட்டு வந்துச்சு?”

அவர் விசைப்பலகையை மறுபடி துடைத்தார்.

“நான் தொடலாமா?”

அவர் பஞ்சை நீட்டினார். விரல்களைத் துடைத்துக்கொண்டு அவள் ஏதோ தட்டினாள். இதுவரை இறக்கியவற்றின் பட்டியல் ஓடி நின்றது. கடைசி வரியில் இருந்த தேதிக்கு நான்கு வயது முடிந்திருந்தது.

“இந்த சிஸ்டத்தோட பதிப்புக்குப் புதுசு போடறதையே அப்போ நிறுத்திட்டாங்க சார். மூடின கடையைப் போய்த் தினமும் தட்டியிருக்கீங்க. அங்க புதுசா எதுவும் வரலைன்னுதான் அது சொல்லுது. உங்ககிட்ட இருக்கறது புதுசுன்னு சொல்லலை.”

“உளறாதே. எங்க புத்தகமெல்லாம் அழகா வருதே?”

“அதெல்லாம் நீங்க பழைய மாதிரியே எழுதற கோப்பு சார். வெளியில இப்போ யாரும் அப்படி எழுதறதில்ல.”

மூலையில் அச்சு இயந்திரம் உறுமியது. பிழைதிருத்தும் அம்மாள் ஆறு தாள்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள். ஓர் எழுத்துகூடக் கட்டமாகவில்லை. சமன்பாடு ஓரத்துக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

“பொண்ணோட கோப்புதான் சார். பென் டிரைவ் மேஜைமேல கிடந்துச்சு. சும்மா என் சாக்கடையில போட்டுப் பாத்தேன்.”

தாள்மேல் பிஸ்கட் தூள் இருந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. துடைத்துத் துடைத்துப் பளபளக்கும் தன் கணினியைப் பார்த்தார். அதிலிருந்து நாற்றம் வருவது போல நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“அசிங்கம்” என்று முணுமுணுத்தார். பிறகு நிமிராமலே, “நாளைக்குக் காலையில எட்டரைக்கு வந்துடும்மா” என்றார்.

பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பிழைதிருத்தும் அம்மாள் இரும்பு அலமாரியைத் திறந்து அந்தப் பதினோரு பேரின் தேர்வுத் தாள்கட்டு ஒன்றை எடுத்தாள். தூசியை ஊதி, அவர் எதிரில் வைத்தாள்.

“மாப்பிள்ளையோடது மேலயே இருக்கு. போன் நீங்க பண்றீங்களா சார், நான் பண்ணட்டுமா?”