பூஸ்டர் வைத்த கார்

"பிரேக்கப் பிடிங்க! ஐயோ, ஆளுங்க குறுக்க வாராங்க!"

பின் சீட்டில் மனைவி ராக்காயி அலற, முத்துலிங்கம் மிதித்தார். வளைவுக்குப் பத்தடி முன்னால் கார் பூனை போல நின்றது.

கொழுந்துச் சாக்கோடு ரோட்டைக் கடந்த பெண்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். "லொறிக்கார மாமா, இது காரா, தகரப்பொட்டியா?"

"எம்மக கட்டுன காரு, தெரியுமில்ல!" என்றார் முத்துலிங்கம்.

பக்கத்து சீட்டில் இருந்த தனுஷிகாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பழைய வேனின் எஞ்சின், யாரோ கழித்துப்போட்ட ஜீப்பின் அடிச்சட்டம், அவளே தட்டி வளைத்த தகரம். ஒன்றரை வருஷ உழைப்பு. 'இதுல எனக்குத் திருப்தி வந்தாத்தான் கொட்டகலையில கராஜ் போட விடுவேன்' என்று அப்பா சொல்லியிருந்தார். முப்பது வருஷம் தோட்டத்து லொறி ஓட்டிய மனுஷர். அவருக்குத் திருப்தி லேசில் வராது.

போன வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பிரேக்கா இது, கருங்கல்லு! பழனியாண்டி வேன்ல பூஸ்டர் இருக்கு. கால வச்சாலே நிக்குது. அத மாட்டு. இல்லாட்டி ஏறமாட்டேன்."

"இத்துனூண்டு காருக்கு எதுக்குப்பா பூஸ்டர்? லொறி மிதிச்ச காலு, இதுக்கா வலிக்குது?"

"ஏறமாட்டேன்னா ஏறமாட்டேன்."

இன்று காலை பொனெட்டைத் திறக்கச் சொல்லி, பிரேக்குப் பக்கத்தில் உருண்டையாக, கறுப்பாக உட்கார்ந்திருந்ததை விரலால் தட்டிப் பார்த்த பிறகுதான் சாவியைக் கையில் வாங்கினார்.

இப்போது மீசையை நீவிக்கொண்டார். "பாத்தியா, வெண்ணெ மாதிரி நிக்குது! லொறிக்காரன் பேச்சக் கேட்டா இப்படித்தான்."

"அதுசரி, எஞ்சின் சத்தமே காணோமே?" என்றாள் தனுஷிகா.

"கோயிலடியிலயே நிப்பாட்டிட்டேன். எறக்கத்துல எவனாச்சும் பெட்ரோல் எரிப்பானா? என் லொறியும் இப்படித்தான் எறங்கும்."

"எனக்கு நெஞ்சே நின்னுருச்சு" என்றாள் ராக்காயி. "காலையில பிளேன்டீக்குச் சீனி எடுக்கப் போனா, சீனி பேப்பர்ல கெடக்கு, எறும்பு மொய்க்குது. அப்பவே நெனச்சேன், இன்னிக்கு நாளே சரியில்லன்னு."

"நீ சும்மா இரு புள்ள!" முத்துலிங்கம் மகள் பக்கம் திரும்பினார். "நீ பாஸாயிட்ட! கராஜ் போட்டுக்க. ஆனா ஒண்ணு, நீ கட்டுற ஒவ்வொரு காருலயும் பூஸ்டர் இருக்கணும்."

"பேச்சு மாறமாட்டீங்களே?"

"லொறிக்காரன் வாக்கு!"

தனுஷிகா இறங்கிப்போய் பொனெட்டைத் தூக்கினாள். "எஞ்சின் நின்னா பூஸ்டர் வேலை செய்யாதுப்பா. பெடல் கல்லாயிரும். நீங்க எறக்கத்துல நிப்பாட்டாம எறங்கமாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? அதான் பெடல மட்டும் கொஞ்சம் நீளமா வச்சேன், லேசா மிதிச்சாலே பிடிக்கும்."

"அப்ப... இது?"

அவள் அந்தக் கறுப்பு உருண்டையைப் பிடித்துத் திருகினாள். மூடி கழன்றது. உள்ளே ஒன்றுமில்லை, அடியில் ஒட்டியிருந்த நாலு வெள்ளை மணியைத் தவிர.

ராக்காயி எட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி, என் சீனி டின்னு! இனி காருக்கு ஒண்ணுன்னா டின்னுக்கு நான் எங்கடி போவேன்?"